பசுமைக்குடிலில் மரத்தவளையும் பூச்சியுண்ணும் செடிகளும்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் குடுவைச் செடி வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு அழைப்புகளும் தொடங்கிவிடும். "அண்ணாச்சி, குடிலுக்குள் தவளை புகுந்துவிட்டது, செடியெல்லாம் வீணாகிறது" என்பார்கள். போய்ப் பார்த்தால் தவளை ஒரு தொட்டியின் விளிம்பில் காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருக்கும். செடியைக் கெடுத்தது பெரும்பாலும் போர் தண்ணீராகவோ, மூடிய குடிலின் புழுக்கமாகவோ, போன வாரம் அடித்த மருந்தாகவோ இருக்கும். தவளைதான் காரணம் என்று முடிவாகும் வீடுகள் மிகக் குறைவு.

தென்காசி, நாகர்கோவில் பக்கம் குடிலுக்குள் தானாக வந்து சேர்வது பெரும்பாலும் நம் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அதே சாதாரண மரத்தவளைதான். பலரும் தேரை என்று சொல்வதும் இதைத்தான். பெண் தவளை 7, 8 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது. செடிகள் என்றால் வென்ட்ராட்டா, மிராண்டா போன்ற கலப்பினக் குடுவைச் செடிகள், குழாய் வடிவ இலையில் பூச்சி பிடிக்கும் சரசீனியா, தொட்டால் மூடிக்கொள்ளும் வீனஸ் ஈப்பொறி, ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிக்கும் அழுகண்ணி. இந்தக் கூட்டணிக்குத்தான் இந்தக் குறிப்பு. தவளையை வெளியிலிருந்து பிடித்துவந்து விடுபவர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. நோயும் சேர்ந்து வரும். சட்டச் சிக்கலும் வரலாம்.

சோதனை தொடங்கும்முன் மூன்று பொருட்கள் கையில் இருக்கட்டும்: நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி, நல்ல டார்ச். தவளையைத் தொட நேர்ந்தால் கையைச் சோப்பில்லாமல் மழைநீரில் கழுவி, ஈரத்தோடு தொடுங்கள். கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையால் தொடவே கூடாது. தொட்டபின் உங்களுக்காகச் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். தவளையின் தோலில் இருக்கும் நீர் கண்ணில் பட்டால் எரியும். குடல் நோய்க் கிருமிகளும் அதில் இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே பல இடங்களில் இது திரும்ப வரும். இந்தக் குடிலுக்கு இரண்டு வகைத் தண்ணீர் வேண்டும். செடிக்கு உப்பே இல்லாத தண்ணீர்: மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். தவளைக்குத் தாது உப்பு சிறிது உள்ள, குளோரின் இல்லாத தண்ணீர்: ஒரு நாள் திறந்து ஆறவைத்த கிணற்று நீர் போதும். ஒன்றின் தண்ணீரை மற்றொன்றுக்குக் கொடுப்பதில்தான் பாதிக் கோளாறுகள் தொடங்குகின்றன.

குடுவைக்குள் தவளை உட்கார்ந்திருக்கிறது

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்: தவளை வாயருகே இருக்கிறதா, உள்ளே நீரில் கிடக்கிறதா?

வாயருகே, தலை வெளியே தெரிய உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். குடுவையின் தேனுக்கு வரும் பூச்சியைப் பிடிக்க அது காத்திருக்கிறது. ஈரமான குடுவை விளிம்பு எறும்புக்கு வழுக்கும். மரத்தவளையின் விரல் நுனியில் இருக்கும் ஒட்டும் திண்டுக்கு அது பெரிய விஷயமில்லை. பூச்சியைத் திருடுகிறதே என்று கேட்பார்கள். திருடத்தான் செய்கிறது. ஆனால் ஒரு செடியில் நான்கைந்து குடுவைகள் இருக்கும்போது இந்த இழப்பு கணக்கிலேயே வராது. தவளையிடமிருந்து உள்ளே விழும் எச்சமும் சிறுநீரும் செடிக்கு உரம். போர்னியோ மலைகளில் நெப்பந்தஸ் லோவி என்ற குடுவைச் செடி மர மூஞ்சூறின் எச்சத்தை வாங்கியே வாழ்கிறது. அதே தீவின் சரவாக் பகுதியில் குடுவை நீரிலேயே முட்டையிட்டுத் தலைப்பிரட்டை வளர்க்கும் தவளை இனம் ஒன்றை 2010-இல் விவரித்தார்கள். அதன் ஆண் முழு வளர்ச்சியில் 13 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. நம் மரத்தவளை அப்படியெல்லாம் செய்யாது. அதற்குக் குடுவை ஒரு திண்ணை மட்டுமே.

உள்ளே நீரில் கிடந்தால் உடனே கவனியுங்கள். முழு வளர்ச்சியடைந்த தவளை ஏறி வந்துவிடும். வால் உதிர்ந்து சில நாட்களே ஆன குட்டிதான் ஆழமான, குறுகலான குடுவையில் மாட்டும். சரசீனியாவில் இது அதிகம். குழாய் கீழே போகப்போகக் குறுகி, உள்பக்க மயிர்கள் கீழ்நோக்கி இருப்பதால் திரும்பி வர முடியாது. கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் வளரும் சரசீனியாக்கள், பல்லி போல இருக்கும் நீர்நில வாழியான சாலமாண்டரின் குட்டிகளைப் பிடித்து உண்பதை 2019-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே, "செடி எங்கே தவளையைத் தின்னப்போகிறது" என்று விட்டுவிடாதீர்கள். குடுவையை மெதுவாகச் சாய்த்து, ஈரமான ஒரு குச்சியை உள்ளே நீட்டுங்கள். அது பிடித்துக்கொண்டு ஏறும். ஏறவில்லையென்றால் குடுவையைப் பக்கவாட்டில் கத்தரித்துத் திறந்துவிடுங்கள். ஒரு குடுவை போனால் அடுத்தது வரும். வெளியே எடுத்ததும் கிணற்று நீரில் ஒருமுறை அலசி, நிழலில் ஈரப் பாசிமேல் விடுங்கள்.

குடுவை பழுப்பாகிறது, நாற்றம் அடிக்கிறது

பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

மூடியிலிருந்து கீழ்நோக்கி மெல்ல காய்ந்துவந்தால் அது முதுமை. குடுவைக்கும் ஆயுள் உண்டு. சில மாதங்களில் அது காயத்தான் செய்யும். பச்சை இருக்கும்வரை வெட்டாதீர்கள், கீழ்ப்பாதி இன்னும் செரித்துக்கொண்டிருக்கும்.

நடுவில் பட்டை போட்டதுபோல் கறுத்து, மேலேயும் கீழேயும் பச்சையாக இருந்தால் உள்ளே அளவுக்கு மீறி இரை சேர்ந்துவிட்டது. மழை பெய்த மறுநாள் இந்தப் புகார் வந்தால் ஒரே கேள்விதான் கேட்பேன்: "நேற்று இரவு விளக்கு எரிந்ததா?" முதல் மழைக்கு ஈசல் கிளம்பும். குடிலுக்குள் ஒரு பல்பு எரிந்தால் போதும், விடிவதற்குள் குடுவைகள் வாய்வரை ஈசலால் நிரம்பிவிடும். தவளைகளும் அன்று வயிறு பந்தாக உப்பும்வரை தின்னும். ஆனாலும் மிச்சம் மிச்சம்தான். சரிசெய்வது எளிது. நீண்ட இடுக்கியால் மேலே மிதப்பவற்றை எடுத்துவிட்டு, குடுவையில் கால் பங்கு மழைநீர் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அல்லது பெரிய குடுவைகளின் வாயில் அன்று மாலை மட்டும் பஞ்சு அடைத்துவையுங்கள்.

பழுப்பு ஒழுங்கில்லாமல் பரவி, முட்டை அழுகிய நாற்றம் வந்தால் உள்ளே பெரிதாக ஏதோ இறந்து கிடக்கிறது: பல்லியோ குட்டித் தவளையோ. குடுவையை வெட்டி எடுத்துக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய்த் திறங்கள். அதற்கு ஈடாகச் செடிக்கு உரம் எதுவும் வேண்டாம்.

எல்லாக் குடுவைகளும் ஒரே நேரத்தில் காய்ந்தால் உள்ளே இருப்பதைத் தேட வேண்டியதில்லை. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

இலை வருகிறது, குடுவை வரவில்லை

"தவளை பூச்சியையெல்லாம் தின்றுவிடுகிறது, அதனால்தான் செடி குடுவை விடுவதில்லை" என்பது நான் அதிகம் கேட்கும் விளக்கம். குற்றவாளியைப் பார்த்த திருப்தி அதில் கிடைக்கும், செடிக்கு ஒரு பயனும் இல்லை. இரை குறைந்தால் செடி குடுவையை நிறுத்தாது, வளர்ச்சிதான் மெதுவாகும். காரணத்தைக் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள்.

வெளிச்சம். இலை அகலமாகி, கரும்பச்சையாகி, தண்டு நீண்டால் நிழல் அதிகம். நிழல்வலை 75 சதவீதமாக இருந்தால் 50 சதவீத வலைக்கு மாறுங்கள். வலைமேல் சேர்ந்த பாசியைக் கழுவினாலே சில குடில்களில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காற்றின் ஈரப்பதம். இலை நுனியிலிருந்து நீளும் கம்பியின் முனையில் மொட்டு போலக் குட்டிக் குடுவை தோன்றி, பட்டாணி அளவிலேயே கறுத்தால் காற்று வறண்டிருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் இது சாதாரணம். காற்று வரும் பக்கத்தில் வலையை இரட்டிப்பாக்குங்கள், தரையை ஈரமாக்குங்கள். பனிபோல நீர் தூவும் மிஸ்ட் கருவி வாங்குவது அதற்குப் பிறகுதான்.

தண்ணீர். மீட்டரைச் செடிக்கு ஊற்றும் நீரில் மட்டும் வைக்காதீர்கள். தொட்டிக்கு அடியில் வடிந்த நீரிலும் வைத்துப் பாருங்கள். ஊற்றுவது 50 பி.பி.எம்.-க்குக் கீழே இருந்தால் நல்லது. கலப்பினக் குடுவைச் செடி 100-ஐத் தாண்டினாலும் சிறிது காலம் பொறுக்கும். ஈப்பொறியும் அழுகண்ணியும் பொறுக்காது. வடிநீர் மட்டும் பல மடங்கு காட்டினால் உப்பு மண்ணில் சேர்ந்திருக்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். மழைநீரை மேலிருந்து ஊற்றி நன்றாக வடியவிடுங்கள். தென்னை நார்க்கழிவில் நட்டவர்கள் அது கழுவிய நார்தானா என்று பாருங்கள். கழுவாத நாரில் உப்பு மிகுதி.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு மூன்று இலைகள் வந்தும் குடுவை வரவில்லையென்றால் மண்ணை மாற்றிவிடுங்கள். அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம். வேறு செடி வாங்குவது மலிவு.

பாசி புரண்டிருக்கிறது, நாற்று பிடுங்கப்பட்டிருக்கிறது, ஈப்பொறி காலியாகவே மூடுகிறது

இரவில் யாரோ நடந்திருக்கிறார்கள். யார் என்று எச்சம் சொல்லிவிடும். தொட்டி விளிம்பையும் தரையையும் காலையில் பாருங்கள்.

கருமையான, ஈரமான ஒற்றை உருளை, உடைத்தால் வண்டின் ஓடும் எறும்பின் தலையுமாக இருந்தால், வெள்ளை முனை இல்லையென்றால், தவளை. அதே போன்ற கறுப்புத் துண்டின் ஒரு முனையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளை இருந்தால் பல்லி. இரண்டு முனையும் கூம்பிய சிறு உருண்டைகள் சிதறிக் கிடந்தால் எலி. வெள்ளையும் கறுப்புமாகத் தெறித்திருந்தால் பறவை. பாசியைக் கொத்தாகப் பிடுங்கி எறிவது பெரும்பாலும் தவிட்டுக் குருவிகள் அல்லது மைனாக்கள். கூடு கட்டும் காலத்தில் பாசியைத் தூக்கிக்கொண்டும் போய்விடும்.

தவளை என்றால் நாற்றுத் தட்டின்மேல் கொசுவலைத் துணியை வளைத்துக் கட்டுங்கள். பெரிய செடிகளுக்கு ஒன்றும் தேவையில்லை. எலி என்றால் பொறி வையுங்கள், விஷம் வேண்டாம். பறவை என்றால் வலையின் ஓட்டையை அடையுங்கள்.

ஈப்பொறி காலியாக மூடுவதற்குத் தவளையின் கால் காரணமாக இருக்கலாம். உள்ளிருக்கும் மயிரை ஏறக்குறைய 20 வினாடிக்குள் இரண்டு முறை தொட்டால் பொறி மூடும். இரை இல்லையென்றால் ஒரு நாளில் திறந்துவிடும். ஒவ்வொரு பொறிக்கும் மூடித் திறக்கும் வாய்ப்பு சிலமுறைதான். வீணானால் விரைவில் கறுக்கும். ஆனால் விரலால் தொட்டு விளையாடும் விருந்தாளிகள் எல்லாத் தவளைகளையும்விட அதிகமாகப் பொறிகளை வீணாக்குகிறார்கள். இன்னொரு விஷயம்: இது அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும் செடி. நம் சமவெளியில் அந்த ஓய்வு கிடைக்காமல் ஓரிரு ஆண்டில் சோர்வது இயல்பு.

தட்டிலோ சுவரிலோ வெள்ளையாக நுரை

பூஞ்சணம் என்று நினைத்து மருந்து அடித்துவிடாதீர்கள். பெண் தவளை பின்னங்கால்களால் கடைந்து உண்டாக்கும் கூடு அது. நீருக்கு மேலே, தொட்டி விளிம்பிலோ இலையிலோ, முஷ்டி அளவில் இருக்கும். முதல் நாள் பளிச்சென்ற வெள்ளை; பிறகு மேல்தோல் காய்ந்து மஞ்சளாகி, பழுப்பாகும். உள்ளே ஈரம் காக்கப்பட்டிருக்கும். சில நாட்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே சொட்டும்.

கீழே செடியின் தண்ணீர்த் தட்டு இருந்தால் அதுதான் சிக்கல். தட்டு ஆழமில்லாதது, இரண்டு வெயிலில் வற்றிவிடும். பிரட்டைகளின் கழிவால் நீரின் உப்பளவும் ஏறும். தொட்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். அந்த இடத்தில் ஓர் அகலமான பேசினில் ஆறவைத்த கிணற்று நீரும் கொஞ்சம் நீர்ச்செடியும் வையுங்கள். கூடு இலையில் இருந்தால் காம்போடு வெட்டிப் பேசினுக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம். ஏற்கெனவே தட்டில் விழுந்துவிட்டிருந்தால் தேநீர் வடிகட்டியால் அள்ளி மாற்றுங்கள். இந்த இனத்தின் பிரட்டைக்கு மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும்; மேலிருந்து பார்த்தாலே தெரியும். கொசுப்புழுவோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

பேசினில் சாய்வாக ஒரு குச்சி வைக்க மறக்காதீர்கள். கால் முளைத்த குட்டிக்கு ஏறி வர வழியில்லையென்றால் மூழ்கிவிடும்.

தவளை பகலில் தரையில் கிடக்கிறது, அல்லது செத்துக் கிடக்கிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். நலமாக இருக்கும் மரத்தவளை பகலில் நான்கு கால்களையும் உடலுக்கு அடியில் மடக்கி, வயிற்றை இலையோடு அழுத்தி, கண்ணைப் பாதி மூடி அசையாமல் இருக்கும். வறண்ட வெளிச்சத்தில் தோல் வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகவும் மாறும். இதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார்கள். அது நோயில்லை, தண்ணீர்ச் சிக்கனம்.

கால் பரப்பிக் கிடப்பது, பகலில் வெட்டவெளியில் தரையில் இருப்பது, தோல் பிசுபிசுப்பின்றிக் காகிதம்போல் இருப்பது, தொட்டால் நகராதது: இவைதான் கெட்ட அறிகுறிகள். ஐயமாக இருந்தால் ஈரக் கையால் மெதுவாக மல்லாத்திப் பாருங்கள். நல்ல தவளை நொடியில் புரண்டுகொள்ளும். புரள முடியாமல் தவித்தால் அவசரம். உடனே காற்றோட்டமுள்ள ஒரு டப்பாவில், கிணற்று நீரில் நனைத்த துணிமேல், நிழலில் வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள்.

*வெப்பம்.* நேற்றைய அதிகபட்சத்தைப் பாருங்கள். பாலித்தீன் கூரை போட்ட குடில் சித்திரை மதியத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். முதலில் பக்கவாட்டுத் திரையைச் சுருட்டுங்கள். அடுத்து கூரைக்கு மேலே, ஓரடி இடைவெளி விட்டு, நிழல்வலை கட்டுங்கள். கூரைக்குக் கீழே கட்டினால் சூடு உள்ளேயே நிற்கும். தரையில் தண்ணீர் தெளியுங்கள். அதன் பிறகுதான் காற்று வெளியேற்றும் விசிறி. ஈரத்தட்டியும் விசிறியும் சேர்ந்த அமைப்பு கடைசி. அதைப் போடும் நிலைக்கு வந்தால் மின்பணியாளரை வைத்தே செய்யுங்கள். ஈரத் தரையில் நீங்களே ஒயர் இழுக்காதீர்கள்.

*தண்ணீர்.* மேலே சொன்ன இரண்டு தண்ணீர் விஷயம் இதுதான். முழுக்க ஆர்.ஓ. தண்ணீரே ஓடும் குடிலில், தவளை ஊற அது ஒன்றுதான் கதி என்றால் உடலின் உப்பு குலையும். தோல் வழியாகவே நீரை எடுக்கும் உயிர் அது. நேரடிக் குழாய் நீர் வைத்தால் குளோரின். ஓர் அகலமான மண்சட்டியில் ஒரு நாள் திறந்துவைத்த கிணற்று நீரைத் தரை மட்டத்தில், செடித் தொட்டிகளுக்கு எட்டாத மூலையில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். அவசரத்துக்கு மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கித் துளிகள் போதும்.

*ரசாயனம்.* "மருந்தே அடிக்கவில்லை" என்று சொன்னவர்களின் குடிலில் நான் கண்டவை: தரை கழுவிய ஃபினாயில், பாசி போக்கத் தூவிய பிளீச்சிங் பவுடர், மூடிய குடிலுக்குள் கொளுத்திய கொசுவர்த்தி, நத்தைக்கு வைத்த உருண்டை. தவளைக்கு இவை எல்லாமே மருந்துதான். வேப்ப எண்ணெய்க் கரைசலும் தோலில் படிந்தால் நல்லதில்லை.

மாவுப்பூச்சி வந்துவிட்டது, என்ன செய்வது என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்: மழைநீரைப் பீய்ச்சிக் கழுவுதல், பஞ்சுக் குச்சியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுப் பூச்சிமேல் மட்டும் வைத்தல், மோசமான இலையை வெட்டி எரித்தல். அதற்கும் அடங்காவிட்டால் செடியைக் குடிலைவிட்டு வெளியே, தவளை வராத இடத்துக்குக் கொண்டுபோய் மருந்தடித்து, அங்கேயே வெகுநாள் ஒதுக்கி வையுங்கள். இமிடாகுளோப்ரிட் போல் செடிக்குள் ஊடுருவும் மருந்தைக் குடிலுக்குள் தொடவே வேண்டாம். பூச்சி தின்று, அந்தப் பூச்சியைத் தவளை தின்னும்.

*நோய்.* வெப்பம், தண்ணீர், ரசாயனம் மூன்றும் இல்லையென்று உறுதியான பின்புதான் இது. தொடையின் உள்பக்கமும் வயிறும் சிவப்பது, தோல் திட்டுத்திட்டாக உரிந்து தொங்குவது, புண், உடல் ஊதுவது ஆகியவை அறிகுறிகள். உலகெங்கும் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நீங்களாக மீன் மருந்தை ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

ஒரு தவளை இறந்தால் புதைத்துவிட்டுக் கவனியுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று இறந்தால் அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வனத்துறைக்குத் தெரிவியுங்கள். உடலை வெறும் கையால் தொடாமல் பையில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். சென்னையில் வேப்பேரியில் இருக்கிறது. தெற்கே நெல்லையை ஒட்டிய இராமையன்பட்டியிலும் கல்லூரி உண்டு. தெருமுனைக் கிளினிக்கில் தவளை பார்த்த மருத்துவர் கிடைப்பது அரிது. முடிவு தெரியும்வரை அந்தக் குடிலின் தண்ணீரையும் பாசியையும் வெளியே கொட்டாதீர்கள், நண்பர்களுக்குச் செடி பிரித்துக் கொடுக்காதீர்கள்.

மஞ்சள் ஒட்டும் அட்டையில் தவளை ஒட்டிக்கொண்டது

இழுக்காதீர்கள். தோல் கிழிந்து வந்துவிடும். அட்டையைச் சுற்றி வெட்டி, தவளை ஒட்டிய துண்டை மட்டும் தனியே எடுங்கள். மீதிப் பசைமேல் ஈரத் துணியைப் போட்டு மூடுங்கள். பஞ்சில் சிறிது சமையல் எண்ணெய் தொட்டு, ஒட்டிய விளிம்பில் தடவி, ஒரு நிமிடம் விட்டு, ஒவ்வொரு விரலாக விடுவியுங்கள். விரல் திண்டுகள்தான் கடைசியில் வரும். அங்கே பொறுமை தேவை. விடுபட்டதும் எண்ணெய் தோலில் தங்காதபடி கிணற்று நீரில் பலமுறை அலசுங்கள். வயிற்றுத் தோல் கிழிந்திருந்தால், கண்ணில் பசை இருந்தால், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மறுபடி நடக்காமலிருக்க, அட்டையைக் கூரையருகே உயர்த்தினால் போதும் என்று நினைப்பார்கள். மரத்தவளைக்கு உயரம் ஒரு பொருட்டா? அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைக் கூண்டாக வளைத்து, அட்டையை அதற்குள் தொங்கவிடுங்கள். ஈயும் வெள்ளை ஈயும் உள்ளே போகும், பெரிய தவளை போகாது. குட்டிகள் திரியும் மாதங்களில் அட்டையையே எடுத்துவிடுவது மேல். இத்தனை குடுவைகளும் அழுகண்ணிகளும் இருக்கும் குடிலுக்கு ஒட்டும் அட்டை எதற்கு என்பதும் எனக்குப் புரிந்ததில்லை.

இரவெல்லாம் 'டக் டக் டக்'

ஆண் தவளை பெண்ணைக் கூப்பிடுகிறது. மழை பெய்த இரவிலும், மாலையில் மிஸ்ட் ஓடிய இரவிலும் அதிகம். டைமரை விடியற்காலைக்கு மாற்றுங்கள்; தரையில் தேங்கும் நீரை வடியவிடுங்கள். குறையும், நிற்காது. படுக்கையறை ஜன்னலை ஒட்டிக் குடில் கட்டியவர்களுக்கு வேறு வழி இல்லை.

பாம்பு வந்திருக்கிறது

தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இதை மறைத்துத் தவளையைப் புகழ்வது நேர்மையாக இருக்காது. சாரை, நீர்க்கோலி, கொம்பேறி மூக்கன், வெள்ளிக்கோல் வரையன் ஆகியவை வருவது சகஜம். நல்ல பாம்பும் தவளை தின்னும். வெள்ளிக்கோல் வரையனுக்கும் கட்டுவிரியனுக்கும் டார்ச் வெளிச்சத்தில் வித்தியாசம் காண்பது பழக்கப்பட்ட கண்ணுக்கே கடினம். நீங்கள் முயலவே வேண்டாம்.

சட்டை மட்டும் கிடைத்தால்: கதவுக்கு அடியில் இருக்கும் சந்தை அடையுங்கள். அடுக்கிய காலித் தொட்டிகள், செங்கல் குவியல், தென்னை மட்டை எல்லாவற்றையும் பகலில், பூட்ஸ் போட்டு, நீண்ட கொக்கியால் இழுத்து அப்புறப்படுத்துங்கள். தொட்டிகளைத் தரையிலிருந்து இரும்பு மேடைக்கு ஏற்றுங்கள். எலி இருந்தால் அதை முதலில் ஒழியுங்கள். நல்ல பாம்பை இழுப்பதில் எலிக்குத்தான் பெரிய பங்கு.

பாம்பையே பார்த்தால்: வெளியே வாருங்கள், கதவைத் திறந்தே விடுங்கள், தூரத்திலிருந்து அது எங்கே போகிறது என்று பாருங்கள். போகவில்லையென்றால் தீயணைப்புத் துறையின் 101 அல்லது 112. அவர்களோ வனத்துறையோ வந்து பிடிப்பார்கள். அடித்துக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிக்கப் போனவர்கள்தான் அதிகம் கடிபடுகிறார்கள் என்பது அதைவிட முக்கியம்.

கடித்துவிட்டால்: 108. கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு. விஷமில்லாத பாம்பு என்று யார் சொன்னாலும் போயே ஆக வேண்டும். நாட்டு வைத்தியருக்கும் கூகுளுக்கும் இதில் வேலை இல்லை.

இருந்த தவளைகள் திடீரென்று காணவில்லை

மாதத்தைப் பாருங்கள். பங்குனி, சித்திரை என்றால் ஈரமான சந்துகளுக்குள் முடங்கியிருக்கும். காலித் தொட்டியின் வடிகால் துளையிலும், மேடைக் குழாயின் திறந்த முனைக்குள்ளும், சுருட்டிய திரைக்குள்ளும் டார்ச் அடித்தால் இரண்டு கண்கள் தெரியும். திரையை இறக்கும்முன் இதைப் பார்ப்பது நல்ல பழக்கம். சுருளில் நசுங்கிச் சாவது அதிகம்.

பெருமழைக் காலம் என்றால் முட்டையிட வெளிக் குளத்துக்குப் போயிருக்கும். திரும்பி வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். காற்றடிக்கிறது என்று நீங்கள் அடைத்த சந்துதான் அதன் வாசலாக இருந்திருக்கும். தரையிலிருந்து நான்கடி உயரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு திறப்பு விட்டால் மரத்தவளைக்குப் போதும். கொம்பேறி மூக்கன், வெள்ளிக்கோல் வரையன், சாரை போல நன்றாக ஏறும் பாம்புகளைத் தவிர மற்றவற்றுக்கு அது எளிதில்லை.

மழை தொடங்கி ஒரு மாதமாகியும் ஒன்றுகூட வரவில்லை, அக்கம்பக்கத்திலும் சத்தம் இல்லை என்றால் பக்கத்து வயலில் என்ன தெளித்தார்கள் என்று விசாரியுங்கள். மழைநீர் சேகரிக்கும் கூரையில் அந்தத் தூவல் படிந்திருக்கலாம். தொட்டியைக் காலி செய்து கழுவி, முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காமல் வெளியே விட்டு, இரண்டாவது மழையிலிருந்து சேருங்கள். கிணற்று நீரையும் ஒரு புட்டியில் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கிணற்றில் வீட்டுக்கும் தண்ணீர் இறைக்கிறீர்கள் என்றால் அறிக்கை வரும்வரை குடிக்க வேறு தண்ணீர் வாங்குங்கள்.